சென்னை மாகாணத்தின் ஸ்பிட்ஃபயர்: வாசகர் கேள்வி, பதில்

போன மாதம் இதே பக்கத்தில் என் ஸ்பிட்ஃபயர் மாடலின் படத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானத்தை 48-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல் அது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் பத்தை எடுத்துப் பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஓசூரில் இருசக்கர வாகனத் தொழிற்சாலை ஒன்றின் பெயின்ட் ஷாப்பில் 26 வருடம் வேலை பார்த்தேன். இப்போது காவேரிப்பட்டணத்தில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து விமானம் கட்டுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். முதல் தடவையாக ஒரு போர் விமான கிட் வாங்க ஆசை. பெட்டியில் 1/72, 1/48, 1/32 என்று போட்டிருக்கிறது. பெரியதாக வாங்கினால் கட்டுவது சுலபம் என்று அண்ணன் சொல்கிறான். எதை வாங்குவது? (மாணவர், பென்னாகரம்)

தம்பி, அண்ணன் சொல்வது பாதி சரி. பெரிய கிட்டில் பாகங்கள் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் எண்ணிக்கை கூடும், பெயின்ட் அடிக்கிற பரப்பும் கூடும். ஹரிகேன் விமானத்தை எடுத்துக்கொள். அசலில் இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 12.19 மீட்டர். 1/72-ல் அது 17 சென்டிமீட்டர், 1/48-ல் 25, 1/32-ல் 38. முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பொருளை வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்.

72 என்ற எண் ஏன் வந்தது என்று கேட்பாய். ஒரு அங்குலத்துக்கு ஆறடி என்ற கணக்கு அது. ஆறடி ஆள் ஒரு அங்குலமாகிவிடுவார். 1936-ல் இங்கிலாந்தில் ஃப்ராக் என்ற கம்பெனி பென்குயின் என்ற வரிசையில் பிளாஸ்டிக் கிட்டுகளை இந்த அளவில்தான் கொண்டு வந்தது. போர் வந்ததும் இதே அளவு வேறு வேலைக்குப் போனது. வானத்தில் தெரிகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவத்தை வைத்துச் சொல்லப் பழக்க, அமெரிக்கப் பள்ளி மாணவர்களை மரத்தில் கறுப்பு மாடல்கள் செதுக்க வைத்தார்கள். அவர்களுக்கும் உன் வயதுதான் இருக்கும்.

முதல் கிட் 1/72-ல் ஒற்றை எஞ்சின், ஒற்றை இறக்கை விமானமாக இருக்கட்டும். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், மஸ்டாங் எதுவானாலும் சரி. இரண்டடுக்கு இறக்கை வேண்டாம். மேல் இறக்கையைத் தாங்கும் கால்களை நேராக நிறுத்த அனுபவம் வேண்டும். கருவி அதிகம் தேவையில்லை: பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு சின்ன கட்டிங் பிளையர், ஒரு பிளேடு கத்தி, 400-லிருந்து 1000 வரை நாலு விதமான வாட்டர் பேப்பர், பிளாஸ்டிக் கிட்டுக்கென்றே விற்கிற மெல்லிய பசை. பெட்டியைத் திறந்ததும் சட்டத்தோடு பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும், அதன் மேல் பெயின்ட் நிற்காது. இதை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தொழிற்சாலையில் பைக் பெட்ரோல் டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்கும் முன்னால் அதை எத்தனை தொட்டியில் முக்கி எடுப்போம் என்று பார்த்திருந்தால் தாண்ட மாட்டார்கள்.

கேள்வி: பத்து வயது மகன் கேட்டான் என்று ஒரு கிட் வாங்கிக் கொடுத்தேன். பசை வாடை தலை வலிக்கிற மாதிரி இருக்கிறது. ஆபத்தா? (இல்லத்தரசி, கிருஷ்ணகிரி)

அம்மா, உங்கள் கவலை நியாயம். அந்தப் பசை ஒட்டுகிற பசையே அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவம். இரண்டு பாகத்தின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு அது ஆவியாகிப் போகிறது. அந்த ஆவியை மூடிய அறையில் மணிக்கணக்காகச் சுவாசிக்கக் கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், மின்விசிறி காற்றை வெளியே தள்ளுகிற பக்கமாக இருக்கட்டும், பாட்டில் மூடி திறந்தே கிடக்கக் கூடாது. பத்து வயதுக்குப் பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்துகிற கிட்டுகளும் கிடைக்கின்றன. அதில் இரண்டு மூன்று கட்டட்டும். கத்தி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பெயின்ட் தூவுகிற ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்று தருகிற கம்ப்ரஸரும் புதிதாக வாங்கினேன். எவ்வளவு கவனமாக அடித்தாலும் பெயின்ட் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக உட்காருகிறது. யூடியூபில் பார்த்தால் கண்ணாடி மாதிரி வருகிறது. என் தப்பு என்ன? (தனியார் நிறுவன ஊழியர், பாலக்கோடு)

எத்தனை மணிக்கு அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! உச்சி வெயிலில் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஷாப்பில் இதை டிரை ஸ்ப்ரே என்போம். பெயின்ட் துளி முனையை விட்டுப் புறப்பட்டுப் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. காய்ந்த துளி பரவாது, மணல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். சித்திரை வைகாசியில் தர்மபுரிப் பக்கத்து வெயிலும் வறண்ட காற்றும் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கிற வீடியோ குளிர் நாட்டில் எடுத்தது. அவர் சொல்கிற தின்னர் (பெயின்ட்டைக் கரைக்கிற திரவம்) அளவு அவர் ஊருக்குத்தான் சரி.

நான் செய்வதைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணியிலிருந்து ஏழரை வரைதான் என் ஸ்ப்ரே நேரம். அந்த நேரத்தில் தெருவில் வண்டி ஓடாது, தூசு எழும்பாது. பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். நாங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற பூத்தில் செய்ததும் அதேதான், தூசு தரையோடு படுத்துவிடும். பெயின்ட்டை மெல்லிய பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். தொழிற்சாலையில் பி-4 கப்பில் ஊற்றி, அடி ஓட்டை வழியாக எத்தனை விநாடியில் வடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். வீட்டில் அது வேண்டாம். கிண்ணத்தின் பக்கச் சுவரில் பிரஷ்ஷால் ஒரு துளி தொட்டு வையுங்கள். வழிந்து இறங்கும்போது பின்னால் மெல்லிய நிறப் படலத்தை விட்டுப் போனால் பதம் சரி. கோடு மாதிரி கெட்டியாக நின்றால் இன்னும் கரையுங்கள், தண்ணீர் மாதிரி ஓடினால் அதிகமாகிவிட்டது.

காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. சுற்றி, தூரம் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர். பைக் டேங்க்குக்கு அடிக்கிற மாதிரி தள்ளி நின்று அடித்தால் துளி நடுவழியிலேயே செத்துவிடும். கூடவே காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் சில சொட்டு. எந்த பிராண்டுக்கு எந்தத் தின்னர் என்பதிலும் கவனம் வேண்டும். டமியா அக்ரிலிக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலக்கலாம். அதையே வல்லேஹோவில் ஊற்றினால் பால் திரிந்த மாதிரி திரிந்துவிடும். மாடலில் அடிக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். என் மேஜையில் எப்போதும் இருபது ஸ்பூன் இருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, கலவை, அழுத்தம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே சொரசொரத்துப் போனதைக் கழற்றி எறிய வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு 1500 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டு மேலே ஒரு மெல்லிய கோட் கொடுங்கள்.

கேள்வி: ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. பிரஷ்ஷால் அடிக்கலாமா? (கல்லூரி மாணவி, ஊத்தங்கரை)

தாராளமாக. தட்டையான மென்மையான பிரஷ், மெல்லிசாகக் கரைத்த பெயின்ட், மூன்று கோட். முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். முழுசாகக் காயட்டும். அடுத்த கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்குத் திசையில் இழுங்கள். காய்ந்துகொண்டிருக்கிற இடத்தை மறுபடி தொடாதீர்கள். எனக்குத் தெரிந்த மிக நல்ல 1/72 மாடல்களில் சில பிரஷ்ஷால் அடித்தவைதான்.

கேள்வி: சார், போர்க்கால ஃபைட்டர் என்றாலே இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் கதைதான். நம்ம பக்கத்துக்குச் சம்பந்தமான விமானம் எதுவும் இல்லையா? இருந்தால் அதைக் கட்ட ஆசை. (பொறியாளர், ஓசூர்)

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நீங்கள் பார்த்த என் ஸ்பிட்ஃபயரின் பக்கவாட்டில் ஏ, இசட் என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்ததல்லவா? அது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் அடையாளம். அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயர் ‘234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’. போர் நிதி கொடுத்த பகுதிகளின் பெயரை ஸ்குவாட்ரனுக்குச் சூட்டுகிற வழக்கம் அப்போது இருந்தது. 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சி என்றே பெயர். அவர்கள் ஓட்டியது டிஃபயன்ட் என்ற விசித்திரமான ஃபைட்டர். முன்பக்கம் சுடுகிற துப்பாக்கி கிடையாது, விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நாலு துப்பாக்கி.

நம்ம ஊர்கள் அன்றைக்கு எங்கே இருந்தன? தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். போர்க் காலத்தில் எல்லாமே சேலம் ஜில்லா, சென்னை மாகாணம். அந்த மாகாணத்தின் பெயரைச் சுமந்த ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் 1940 கோடையில் தென் இங்கிலாந்தில் மிடில் வாலப் தளத்திலிருந்து ஏறியிருக்கின்றன. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 கிட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

கட்டுவதாக இருந்தால் நிறக் குறிப்பு இதோ. மேல்பக்கம் டார்க் கிரீன், டார்க் எர்த் என்ற பச்சையும் மண் நிறமும் அலை அலையாக. அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர் பச்சை கலந்த நிறம், 1940 ஜூனில் வந்தது. அந்த அலைகளை விருப்பத்துக்கு வரைந்துவிடாதீர்கள். ஏ, பி என்று இரண்டு அச்சு உண்டு, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். கிட் தாளில் எது போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். உள்ளே விமானி உட்காரும் இடம் சாம்பல் கலந்த பச்சை. இறக்கையின் முன்விளிம்பில் எட்டுத் துப்பாக்கி வாய்க்கும் சிவப்பு நிறத் துணி ஒட்டியிருப்பார்கள். உள்ளே தூசியும் ஈரமும் போகாமல், உயரத்தில் துப்பாக்கி உறையாமல் காக்க. சுட்ட விமானத்தில் அந்தத் துணி கிழிந்திருக்கும். என் மாடலில் எட்டையும் முழுசாக விட்டிருக்கிறேன். அது இன்னும் மேலே ஏறாத காலை நேர விமானம். இன்னொன்று, தரையில் நிற்கிற ஸ்பிட்ஃபயரில், இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்குகிற தகடான ஃபிளாப்பை இறக்கி வைக்காதீர்கள். தரை இறங்கியதும் விமானிகள் அதை மேலே ஏற்றிவிடுவது கட்டாயம். இறக்கி ஒட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் தப்பு.

நம் விமானிகளே ஓட்டியதைத்தான் கட்ட வேண்டுமென்றால், 1944-ல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டிய ஹரிகேன் இருக்கிறது. அந்த வருடம் அவருக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் 8-ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஸ்பிட்ஃபயர் வந்தது. பர்மா போர்முனை விமானம் என்றால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஐரோப்பாவில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு உண்டு. இங்கே அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். ஜப்பான் விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம். அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாதே! கிட்டோடு வருகிற டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்கள்) பெரும்பாலும் ஐரோப்பியச் சின்னம்தான். பர்மா டிகால் தாளைத் தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் வட்டத்தை வெட்டி மாஸ்க் செய்து இரண்டு நீலமும் நீங்களே அடியுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் போரின் நடுவிலேயே, 1942-ல், கர்ட்டிஸ் ஹாக் ஃபைட்டரைப் பூட்டிப் பறக்க விட்டார்கள். அப்புறம் அது அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கிற பெரிய பட்டறையானது. அருங்காட்சியகத்தில் இந்தியாவில் கட்டிய மாருத் போர் ஜெட் நிற்கிறது. அதை வடிவமைத்த குர்ட் டாங்க்தான் போரில் ஜெர்மனிக்காக ஃபோக்கவுல்ஃப் 190 ஃபைட்டரை வடிவமைத்தவர். கிட் கட்டுகிற எல்லாரையும் அங்கே ஒரு தடவை போகச் சொல்வேன். உலோகத் தகடு இரண்டு சேருகிற இடம் எவ்வளவு மெல்லிய கோடாகத் தெரிகிறது, வெயிலில் பெயின்ட் எப்படி வெளுக்கிறது என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து கிட்டை எடுத்தால் கை வேறு மாதிரி வேலை செய்யும்.

கேள்வி: ஃபெவிக்விக் வைத்துக் காக்பிட் கண்ணாடி மூடியை ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பனி மூடியது மாதிரி வெள்ளை. போனது போனதுதானா? (வாசகர், அரூர்)

போகவில்லை, கவலை வேண்டாம். அந்த வகைப் பசை காயும்போது கிளம்புகிற ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து வெள்ளையாகிறது. எனக்கு முதல் ஹரிகேனில் இதே நடந்தது. அதோடு விடாமல், துடைத்தால் போய்விடும் என்று ஷாப்பில் பழகிய கைக்கு என்.சி. தின்னரை எடுத்துவிட்டேன். கண்ணாடி உருகி, கூடவே இறக்கையின் அடிப்பகுதியும் குழைந்துவிட்டது. மூன்று மாத வேலை. அந்த ஹரிகேன் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. உலோகத்துக்குச் செய்கிற வேலையை, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்குச் செய்யக் கூடாது என்பதை அது கற்றுக் கொடுத்தது.

நீங்கள் மூடியை மெதுவாக நெம்பி எடுங்கள். பற்பசையை மெத்தென்ற துணியில் தொட்டு உள்ளும் புறமும் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், பத்து நிமிடம் ஆகும். கழுவிக் காயவைத்துத் பளபளப்பு தருகிற தெளிவான அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ்ஷில் முக்கி எடுத்து, தூசு படாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி வையுங்கள். மறுபடி ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போதும். கண்ணாடிக்குப் பளு கிடையாது, அது தாங்கும், காய்ந்தால் கண்ணுக்கும் தெரியாது.

கேள்வி: 1/72 நாட் ஜெட் கட்டினேன். மூக்குச் சக்கரம் தரையில் நிற்காமல் வால் பக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. எல்லாம் ஒட்டியாகிவிட்டது. (ஓய்வு பெற்ற ஊழியர், பாப்பிரெட்டிப்பட்டி)

உலகப் போரைத் தாண்டி வந்துவிட்டீர்கள், ஆனாலும் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேலே இந்திய விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டிய விமானமாயிற்றே, பதில் சொல்லாமல் விட மாட்டேன். ஸ்பிட்ஃபயர் மாதிரி வாலில் சின்னச் சக்கரம் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மூக்கில் சக்கரம் உள்ள பலவற்றிலும் உண்டு. இரண்டு பாதி உடலை ஒட்டும் முன்னால் மூக்குக்குள் பளு வைக்க வேண்டும். ஒகேனக்கலிலோ கே.ஆர்.பி. அணைப் பக்கமோ மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்டால் தூண்டில் ஈயக்குண்டு கிடைக்கும். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பேரப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஈயத்தை ஃபெவிகாலில் புதைக்கவே கூடாது. அந்த வகை வெள்ளைப் பசையோடு ஈயம் மெதுவாக வினைபுரிந்து வெள்ளைப் பொடியாக உப்பும். சில வருடம் கழித்து மூக்கு தானாகப் பிளக்கும். அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். ஏற்கெனவே மூடிவிட்ட உங்கள் நாட் விமானத்துக்கு, மூக்குச் சக்கரக் குழியின் கூரையில் சின்னத் துளை போட்டு, மிகச் சிறிய குண்டுகளை ஒவ்வொன்றாக அரால்டைட்டில் தோய்த்து உள்ளே தள்ளுங்கள். மூக்கைக் கீழ் நோக்கி ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு சின்ன ஸ்டாண்டில் பறக்க விடுங்கள். நாட் பறந்தால் இன்னும் அழகு.

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூட்டைத் தர்மபுரி அங்காடிக்குத்தான் கொண்டு போவோம். மாடலில் ஏரியல் கம்பிக்குப் பட்டு இழை ஆகுமா? கடையில் விற்கிற நூல் கயிறு மாதிரி தடியாகத் தெரிகிறது. (மாணவி, நல்லம்பள்ளி)

அருமையான யோசனை, பாப்பா. நான் ஐந்து வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ல் விமானிக்குப் பின்னால் நிற்கிற கம்பத்திலிருந்து வால் சுக்கானின் உச்சி வரை ஒரு ரேடியோ கம்பி போகும். அசல் கம்பியே சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதை 48-ல் வகுத்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தையல் நூல் எப்படிப் பார்த்தாலும் தேர்க் கயிறாகத்தான் தெரியும்.

சேலைக்கு முறுக்கிச் சாயம் போட்ட பட்டு வேண்டாம், அதில் பிசிறு எழும்பும். கூட்டிலிருந்து நூற்றதும் பசை போகாமல் இருக்கிற கச்சாப் பட்டு வேண்டும். அந்தப் பசைதான் இழைகளைச் சேர்த்துப் பிடித்து வழவழப்பாக வைக்கிறது. ஒரு முழம் எடுத்துக் கறுப்பு அக்ரிலிக்கில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரே இழுப்பாக இழுத்து, நுனியில் துணி கிளிப் மாட்டித் தொங்கவிடு. காய்ந்ததும் ஆணி மாதிரி நேராக நிற்கும். முதலில் சுக்கான் பக்கம் ஒரு பொட்டுப் பசை. அது இறுகிய பிறகு கம்பத்துப் பக்கம் இழுத்துப் பிடித்து ஒட்டு. பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி நீட்டி எடுக்கிற இழையானால் தொய்ந்த பிறகு ஊதுபத்திச் சூட்டைக் கிட்டே காட்டி இறுக்கலாம். பட்டு அப்படிச் சுருங்காது. ஒட்டும்போதே விறைப்பாக இருக்க வேண்டும்.

கேள்வி: டிகால் ஒட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளியாக மினுமினுக்கிறது. என் ஹரிகேனும் கடையில் வாங்கின பொம்மை மாதிரி சுத்தமாக இருக்கிறது. போர் பார்த்த விமானமாகத் தெரிய என்ன செய்வது? (வங்கி ஊழியர், தர்மபுரி)

வெள்ளி மினுமினுப்பு டிகாலுக்கு அடியில் சிக்கிய காற்று. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் நுண்ணியதாகப் பார்த்தால் கரடுமுரடு, அந்தக் குழிகளில் காற்று தங்கும். டிகாலுக்கு முன்னால் முழு மாடலுக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட், எல்லாம் முடிந்த பிறகு மேட் வார்னிஷ். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறவைத்து நகர்த்துங்கள். தண்ணீர் போர்வெல்லுடையதாக இருக்கக் கூடாது. நம்ம பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம், காய்ந்தால் டிகால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடக் கணக்கில் வரும். வளைவான இடத்தில் டிகால் படியாவிட்டால் வெள்ளை வினிகரைப் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள், இளகி உட்காரும்.

அழுக்குக்கு வருகிறேன். எல்லாரும் செய்கிற தப்பு, வெள்ளிப் பெயின்ட்டை ஸ்பான்ஜில் தொட்டு விமானம் முழுக்கப் பொட்டு வைப்பது. ஹரிகேனில் விமானிக்குப் பின்னால் உள்ள உடல் உலோகமே அல்ல. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியில் பெயின்ட் உரிந்தால் உள்ளே வெள்ளி எப்படித் தெரியும்? அந்தப் பகுதியில் வெளுப்பு மட்டும் காட்டுங்கள், அடிப்படை நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து நடுவில் மெல்லிசாக. உலோகம் தெரிய வேண்டிய இடம் இறக்கை உடலோடு சேருகிற அடி. அதிலும் இடப்பக்கம் அதிகம், ஏனென்றால் விமானி அந்தப் பக்கமாகத்தான் ஏறுவார். புகைபோக்கிக் குழாய்க்குப் பின்னால் கரியும் பழுப்பும் கலந்து பின்னோக்கி ஒரு தீற்றல். அது காற்று போகிற திசையில் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு மண் வேண்டுமென்றால் வீட்டுக் கொல்லையில் செம்மண் எடுத்துத் துணியில் சலித்து, பிரஷ்ஷால் தொட்டுத் தட்டுங்கள்.

ஒரு கறை வைக்கும் முன்னால் அதை யார் உண்டாக்கினார், எதனால் வந்தது என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். பதில் வராத இடத்தில் வைக்காதீர்கள். மஸ்டாங் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பளபளக்கிற உலோக மஸ்டாங்கின் இறக்கை உண்மையில் வெறும் உலோகம் அல்ல. காற்று வழுக்கிப் போக வேண்டும் என்று ஆணித் தலைகளைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தார்கள். உடல் உலோகமாக மின்னட்டும், இறக்கை மங்கலான வெள்ளியாக இருக்கட்டும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். கொல்வதற்கென்றே செய்த இயந்திரத்தை இவ்வளவு ஆசையாகக் கட்டி அலமாரியில் வைப்பது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றியதில்லையா? (தேன்கனிக்கோட்டை)

தோன்றியிருக்கிறது, ஐயா. முதல் சில வருடம் தோன்றவில்லை. அப்போது அது எனக்குப் பெயின்ட் வேலை, அவ்வளவுதான். விமானிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு மாறியது. 1940-ல் பிரிட்டன் வானப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் ஃபைட்டர்களில் பறந்த சுமார் 2,900 பேரில் 544 பேர் அந்தச் சில மாதங்களிலேயே செத்தார்கள். பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. என் மகன் ஓசூருக்கு முதல் வேலைக்குப் போன வயது. எதிர்ப்பக்கமும் அதே வயதுப் பிள்ளைகள்தான். கீழே குண்டு விழுந்த வீடுகளில் இருந்தவர்கள் கணக்கு தனி.

அதனால் நான் செய்வது ஒன்று. ஒவ்வொரு மாடலுக்குக் கீழேயும் ஒரு அட்டை வைக்கிறேன். எந்த ஸ்குவாட்ரன், எந்த ஊர், எந்த மாதம், அந்த விமானம் என்ன ஆனது, ஓட்டியவர் வீடு திரும்பினாரா என்று தெரிந்ததை எழுதுகிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் விமானத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் குனிந்து அட்டையைப் படிக்கிறார்கள். ஒரு ஹரிகேனின் அட்டையைப் படித்துவிட்டு, ‘இவர் திரும்பவே இல்லையா தாத்தா?’ என்று ஒரு குழந்தை கேட்டது. இல்லை என்று சொன்னேன். அந்த ஹரிகேனை அது அதற்கு மேல் தொடவில்லை. உங்கள் உறுத்தல் எனக்குத் தவறாகப் படவில்லை, அது எனக்கும் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அட்டைகளில் என் தமிழை நீங்கள் திருத்திக் கொடுத்தால் மகிழ்ச்சி.